லேமினேட் செய்த பிரெஞ்சு செக்

செக்கை ஃபிரேம் போட்டு மாட்டியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். லேமினேட் செய்தவரைப் போன வாரம்தான் பார்த்தேன்.

அரியலூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜபருல்லா காலையில் வீட்டுக்கு வந்தார். கூடவே அவர் மனைவி நூர்ஜஹான். கையில் பளபளவென்று ஓர் அட்டை. உள்ளே, பாரிஸ் பதிப்பகம் ஒன்று அனுப்பிய செக்!

“பாங்க்ல வாங்க மாட்டேங்குறாங்க சார்.”

எப்படி வாங்குவார்கள்? பின்பக்கம் கையெழுத்துப் போட்டால்தான் பிரெஞ்சு செக் நகரும். பிளாஸ்டிக்கின் மேலா போடுவது?

“ஏன் பாய் இப்படிப் பண்ணினீங்க?”

“எங்க லப்பைக்குடிக்காட்டுல வூட்டுக்கு வூடு துபாய் பணம், சவுதி பணம். பிரான்சுலேர்ந்து வந்தது எனக்கு மட்டுந்தான் சார். கசங்கிடக் கூடாதேன்னு...”

“மெஷின் வாங்குனதுலேர்ந்து இதே வேலை சார்,” என்றார் நூர்ஜஹான். “ரேஷன் கார்டையும் போட்டுட்டாரு. கடைக்காரரு எதுல எழுதுவாரு? வூட்டுல அசையாம உக்காரவே பயமா இருக்கு.”

விஷயம் இதுதான். சுண்ணாம்புச் சுரங்கத்தில் கிடைத்த, கல்லாகிப்போன நத்தை ஒன்றைச் சாய்ந்த வெயிலில் ஜபருல்லா படம் எடுத்திருந்தார். பிரமாதமான படம். அதைப் புத்தகத்தில் போட பாரிஸ்காரர்கள் ஒப்பந்தம் போட்டு, செக்கும் அனுப்பியிருந்தார்கள்.

பாங்க் உத்தியோகத்தில் சில வருஷம் புதுச்சேரியில் இருந்தவன் நான். பிரெஞ்சு செக்குகளோடு மல்லுக்கட்டியதில் பிரான்ஸ் நாட்டுச் சட்டமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அங்கே செக்கைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்துவிடாது. அது பணமாகிற வரை பாக்கி, பாக்கிதான். கொடுத்த செக்கை இஷ்டத்துக்கு நிறுத்தவும் முடியாது. தொலைந்தது, திருட்டு, மோசடி, திவால் — இப்படிச் சில காரணங்கள்தான் செல்லும். ‘லேமினேட் ஆகிவிட்டது’ அதில் இல்லை.

“அட்டையோட அப்படியே ரிஜிஸ்டர் தபால்ல திருப்பி அனுப்புங்க. வேற செக் கேளுங்க. பழசு அவங்க கைக்குப் போயிட்டா புதுசு தருவாங்க.”

அவர் முகம் தெளியவில்லை.

“பணம் வரும் சார். படந்தான் போச்சு.”

“ஸ்டூடியோ சுவத்துல பேரு போட்டு மாட்டியிருந்தாரு,” என்றார் நூர்ஜஹான். “ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட அன்னிக்கே கழட்டிப் பரண்ல போட்டுட்டாரு. அப்புறம் சரியா சோறே திங்கல.”

“பின்ன? கிரயம் பண்ணிக் குடுத்த கொல்லையில மறுநா போயி வெங்காயம் புடுங்கலாமா? மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு... எல்லாந்தானே போயிருக்கும்?”

அவருக்குத் தெரிந்த ஒரே விற்பனை, பத்திர ஆபீஸ் விற்பனை!

ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். பிரெஞ்சுச் சட்டப்படி ஒவ்வோர் உரிமையையும் தனித்தனியாகப் பெயர் சொல்லித்தான் எழுதி வாங்க வேண்டும். எதற்கு, எந்த அளவுக்கு, எங்கே, எத்தனை காலம்... எழுதாமல் விட்டதெல்லாம் படைத்தவருக்கே. இதில் எழுதியிருந்தது ஒரு புத்தகம், பிரெஞ்சு மொழி, பத்து வருஷம். அவர்களுக்கு மட்டும்தான் என்றுகூட இல்லை. ஸ்டூடியோ சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

“மாட்டிக்கலாம் பாய். தாராளமா மாட்டிக்கலாம்.”

“கீழ எம்பேரு?”

“அதை நீங்களே விக்கணும்னு நினைச்சாலும் அந்த ஊர்ச் சட்டம் விடாது. புத்தகத்துலயும் உங்க பேரு வந்தாகணும்.”

ஜபருல்லா என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “அப்ப நா எதத்தான் சார் வித்தேன்?”

“ஒங்க தூக்கத்த,” என்றார் நூர்ஜஹான். “எந்திரிங்க. போயி பரண்லேர்ந்து எறக்குங்க.”

படிக்காமல் கையெழுத்துப் போட்டு ஏமாந்தவர்களுக்காகச் சட்டங்கள் உண்டு. கொடுத்ததற்கு மேலேயும் கொடுத்துவிட்டதாக நம்பி, தன் பொருளைத் தானே ஒளித்துவைக்கும் யோக்கியர்களுக்கு என்ன சட்டம் போடுவது?

நேற்று அந்தப் பக்கம் போனேன். நத்தை சுவருக்குத் திரும்பியிருந்தது. கீழே கொட்டை எழுத்தில் பெயர். பெயரோடு சேர்த்து லேமினேட் செய்திருந்தார்.

செய்யட்டும்... அதை யாரும் பாங்கில் மாற்றப்போவதில்லை.