நாற்பத்து மூன்றாம் எண் கறுப்பு உறை

முரோய் தெட்சுவோவிடம் ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு புத்தகங்கள் இருந்தன. அவற்றில் அவர் பிரித்துப் படித்தவை பதினொன்று. அந்தப் பதினொன்றையும் இளமையில் செய்த தவறுகளாகவே கருதினார்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் டோக்கியோவில் தண்ணீர் மீட்டர் அளவுகளைப் பதிந்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் மூன்று நாள் ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைகளில் இருப்பார். எழுபதுகளில் நாலு பேர் கூடி அச்சடித்து, நாற்பது பேர் வாங்கி, ஒருவருக்கும் புரியாமல் போன புதுமைக் கலை ஏடுகளைத் தேடி எடுப்பார். ஜாஸ் கலைஞர்களின் புகைப்படத் தொகுதிகள் என்றால் எண்ணிட்டு, நூறு படிகளோடு நிறுத்தியவை மட்டும். வீட்டுக்கு வந்ததும் மெழுகுத்தாளில் பொதிந்து, குறிப்பு அட்டை எழுதி, பெட்டியில் இறக்கிவிடுவார். அதோடு அந்தப் புத்தகத்தின் உலக வாழ்க்கை முடிந்தது. பெட்டிகள் இருந்த அறைக்கு ஏசி உண்டு. மனைவி ஃபுசாயே தூங்கும் அறைக்கு ஜன்னல் உண்டு.

சேகரிப்பின் மகுடம், நூறு படிகளில் நாற்பத்து மூன்றாம் எண் இட்ட ஒன்று. 1972இல் நாகுரா என்ற புகைப்படக்காரர் ஷின்ஜுகுவில் ஒரு நிலவறை ஜாஸ் விடுதியில் ஒரே இரவில் எடுத்த எட்டுப் படங்கள். அச்சிட்ட பிறகு படம் நிலைப்பதற்கான மருந்தில் கழுவாமல், அப்படியே கறுப்பு உறையில் போட்டு ஒட்டி விற்றார். உறையைப் பிரித்தால் பத்து நிமிடம் பார்க்கலாம். பிறகு வெளிச்சம் பட்டு எல்லாம் கறுத்துவிடும். இசை அந்த நேரத்தோடு போய்விடுவதுபோல் படமும் போகட்டும் என்பது அவர் கொள்கை. தொண்ணூற்றொன்பது பேர் அதைப் புரிந்துகொண்டு பிரித்தார்கள். முரோய் இன்னும் ஆழமாகப் புரிந்துகொண்டார். பிரிக்கவில்லை.

அதே இரவில் அதே விடுதியில் பரிமாறும் வேலையில் இருந்தவள் ஃபுசாயே. டிரம்ஸ்காரன் குடித்துவிட்டு வராமல் போக, தானே இருபது நிமிடம் உட்கார்ந்து வாசித்ததாகவும் நாகுரா படம் எடுத்ததாகவும் திருமணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பத்தோரு ஆண்டுகளாக முரோயின் பதில் ஒன்றுதான்: “ஆதாரம் இருக்கா?” ஆதாரம் அடுத்த அறையில், ஏசியில் இருந்தது.

இந்த வசந்தத்தில் விடுதியின் நினைவு மலர் தயாரானது. அங்கே வாசித்த அனைவரின் பெயரும் வருமாம். ஃபுசாயே தன் பெயரை அனுப்பினாள். மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது: பதிவு ஏதும் இல்லை, நாகுராவின் படங்களைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை, மீதிப்பேருக்கு நினைவில்லை, பிரிக்காத ஒரே படியை வைத்திருக்கும் முரோய் அவர்களின் குறிப்பு அட்டையில் இருந்தால் போதும், மறு பேச்சின்றிச் சேர்க்கிறோம்.

“சரியாத்தானே சொல்லியிருக்காங்க,” என்றார் முரோய். “பதிவு இல்லாததை எப்படிப் போடுறது?”

மறுநாள் காலை அவருடைய தட்டில் சோறு, நத்தோ என்ற புளித்த சோயா, மிசோ சூப், அருகில் கத்தரிக்கோல். ஒன்பது காலைகள் கத்தரிக்கோல் வந்தது. பத்தாம் நாள் சோறு வரவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிரிப்பதாக முடிவானது. சாட்சிக்குக் குசாகா வந்தார். முப்பது ஆண்டுகளாக முரோயின் அட்டைகளில் பிழை தேடும் சக சேகரிப்பாளர். படியெடுக்கக் கூடாது என்பது நாகுராவின் விதி. ஆகவே மூன்று கைபேசிகளும் பிஸ்கட் டப்பாவுக்குள் போயின. இரண்டு ஆண்களும் வெள்ளைக் கையுறை மாட்டினார்கள். பத்து மணி நான்கு நிமிடத்துக்கு உறை கிழிந்தது.

“உறை உயரம் இருபத்தாறு புள்ளி நாலு,” என்றார் முரோய், அளவுகோலை வைத்து.

“புள்ளி அஞ்சு, முரோய் சான். ஓரம் சுருண்டிருக்கு.”

“சுருளை அளக்குறது உங்க ஊர் வழக்கம்.”

“எனக்கு ஊரே இல்லை, நான் டோக்கியோக்காரன். தாளோட கனம் எடுத்தீங்களா?”

“என்னங்க, இங்க பாருங்க!” என்றாள் ஃபுசாயே. கையுறை இல்லாமலே தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“இரும்மா, உறை ஓரத்துக் கம்பி ஊசியில துரு இருக்கா பார்த்துட்டு வர்றேன்.”

“ஆறாவது படம்! ஐயோ, இப்படியா வாயைப் பொளந்துகிட்டு இருப்பேன்!”

“துரு லேசா,” என்றார் குசாகா. “லேசான்னு எழுதாதீங்க. மில்லிமீட்டர் போடுங்க.”

துரு ஒன்றரை மில்லிமீட்டர் என்று உடன்பாடு ஏற்பட்டபோது பத்து மணி பதினாறு. இருவரும் நிமிர்ந்தார்கள். மேசையில் எட்டுக் கறுப்புத் தாள்கள் கிடந்தன.

“நீங்க பார்த்தீங்கல்ல?” என்றார் முரோய்.

“நீங்க பார்க்குறீங்கன்னு நினைச்சேன்,” என்றார் குசாகா.

அட்டையில் ‘உள்ளடக்கம்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து அட்டைகளில் ஒரு காலிக் கட்டம்கூட இல்லை. முரோய் பேனாவை எடுத்தார். நாற்பத்தோரு ஆண்டுகளில் முதல்முறையாக மனைவியைப் பார்த்து, “என்னம்மா இருந்துச்சு?” என்று கேட்டார்.

ஃபுசாயே நிதானமாக உட்கார்ந்தாள். முதல் படத்திலிருந்து சொன்னாள். அவர் எழுதினார், குசாகா கமா சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்.

“ஆறாவது. டிரம்ஸ், ஃபுசாயே. போட்டாச்சா? தாளம் தப்பலைன்னும் போடுங்க.”

பேனா நின்றது. “அது எப்படிம்மா படத்துல தெரியும்?”

“உங்களுக்குத்தான் தெரியாதே. எழுதுங்க.”

எழுதினார்.