மதியழகன் வீட்டு வாஷ்பேசின்

மதியழகன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இண்டூரில் அவர் புதுவீடு குடிபோன வருடம், தீபாவளிக்கு வந்த சொந்தமெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்ததில் சீயக்காயும் முடியும் சேர்ந்து குழாயை அடைத்துவிட்டது. சாக்கடைத் தண்ணீர் கூடத்துக்குள் வந்து முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. குளியலறை ஓட்டைக்கு வலை போட்டார். ஞாயிறுதோறும் எல்லாக் குழாயிலும் வெந்நீர் ஊற்றினார். வலையில் சிக்கிய முடியைக் குச்சியால் தூக்கிக் காட்டி, "இது யாரோடது?" என்று மனைவியையும் மகளையும் டிக்கெட் எடுக்காத ஆட்களைப் போல விசாரித்தார்.

மகள் காவியாவைப் பெண் பார்க்கப் பொம்மிடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று மனைவி ராணியம்மாள் அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"இன்னிக்கி ஒரு நாளைக்கி அந்தச் சாக்கடைப் பேச்ச எடுக்காதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்."

மதியழகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாமரம் பூவெடுத்ததைப் பேசினார், மழையைப் பேசினார். மாப்பிள்ளை குரு கேசரித் தட்டோடு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தான். அடுத்து எழுந்துபோன அவன் அப்பா மாதவராஜ் திரும்பி வரவேயில்லை. மதியழகன் போய் எட்டிப் பார்த்தார். மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாஷ்பேசினுக்கு அடியில் குனிந்திருந்தார்.

"தண்ணி நிக்குதுங்க," என்றார் மாதவராஜ் கூச்சத்தோடு. "தப்பா நெனைக்காதீங்க. இதப் பாத்துட்டு என்னால சும்மா போவ முடியாது. எங்க வூட்லயும் இதுக்குத்தான் திட்டு வாங்கறேன்."

மதியழகனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இருங்க, பக்கெட் எடுத்தாரேன்."

இரண்டு பேருமாக வளைவுக் குழாயைக் கழற்றினார்கள். பொத்தென்று பக்கெட்டில் விழுந்தது, நெய் உறைந்த கேசரி உருண்டை. சத்தம் கேட்டு எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள்.

"முந்திரிகூடக் கடிபடல," என்றார் மதியழகன், பக்கெட்டை உற்றுப் பார்த்து.

"நான்தாங்க," என்றான் குரு. "எனக்கு இனிப்பு எறங்காது. வேணாம்னா சங்கடப்படுவீங்களேன்னு..."

ராணியம்மாள் முகம் சுண்டிப்போனது. காவியா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப பஜ்ஜி?" என்று கேட்டாள் காவியா.

"அத சாப்ட்டேங்க. ரெண்டாந்தடவையும் வாங்கினேன்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்கள் கிளம்பிப் போனதும், தனக்குச் சம்மதம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

ராணியம்மாளுக்குத்தான் ஆறவில்லை. "நான் கிண்டுன கேசரியக் கொட்டுனவனுக்கா பொண்ணக் குடுக்கறது?"

"கொட்டுனது தப்பில்ல," என்றார் மதியழகன். "வாஷ்பேசின்ல கொட்டுனான் பாரு, அதான் தப்பு. அவங்கப்பன் பாத்துக்குவாரு வுடு."