நிகோலா நாளில் வந்த கெண்டை மீன்

ப்ளோவ்டிவ் நகரத்தில் ருமியானா பார்த்த வேலைக்கு, அவள் வீட்டில் சொல்லிவைத்திருந்த பெயர் வாடிக்கையாளர் உதவி. அதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, ஆள் இல்லாத இடத்தில் ஆள் இருப்பதுபோலக் காட்டுவது.

அவளுடைய கம்பெனி ஒரேலியா என்ற ஆன்லைன் விளையாட்டை நடத்தியது. மலை, கோட்டை, மந்திரவாதி, நெருப்புக் கக்கும் டிராகன் என்று இந்த வகை விளையாட்டில் இருக்கவேண்டிய எல்லாமே அதில் இருந்தன, ஆடுகிறவர்களைத் தவிர. ஆடுகிறவர்கள் வேறொரு விளையாட்டில் இருந்தார்கள். அதன் பெயரை ஆபீசில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "பக்கத்து வீடு" என்பார்கள். பக்கத்து வீட்டில் லட்சக்கணக்கில் கூட்டம். ஒரேலியாவின் முதல் ஊர்ச் சந்தையிலோ காற்றடிக்கிற சத்தம்தான் கேட்கும். அந்தச் சத்தத்தை மட்டும் மிக நேர்த்தியாகச் செய்திருந்தார்கள்.

முதலாளி ஸ்விலென் ஒருநாள் வேலையாட்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"காலியா கிடக்கற சாப்பாட்டுக்கடைக்குள்ள எவன் நுழைவான்? கடைக்காரன் என்ன பண்ணுவான், ஜன்னலோரமா சொந்தக்காரங்க நாலு பேரை உக்கார வைப்பான். அதைத்தான் நானும் கேக்கறேன். ஆளுக்கு அஞ்சு வேஷம் போட்டுக்கிட்டு உள்ள சுத்துங்க. புதுசா வர்றவங்களுக்குப் பேச்சுத்துணையா இருங்க."

"நாங்க ஆபீஸ் ஆளுங்கன்னு சொல்லக்கூடாதா?" என்று ருமியானா கேட்டாள்.

"சொன்னா அப்புறம் என்ன இருக்கு? வேஷம் போடற விளையாட்டும்மா இது. எல்லாரும் வேஷம்தானே போடறாங்க."

இதற்கு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்கு ஆட்களைக் கடனே என்று செய்தாள். ஐந்தாவதாக ஒரு வயதான வில்லாளியைச் செய்தபோது பெயர் எதுவும் தோன்றாமல் அப்பாவின் பெயரை வைத்தாள். நிகோலா. அப்பா ட்ராலிபஸ் ஓட்டியவர், இறந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. பெயரை வைத்ததும் பேச்சும் தானாக வந்துவிட்டது. அவர் எப்படி இழுத்துப் பேசுவார், எந்த இடத்தில் கேலி செய்வார், எல்லாம் விரலில் இருந்தது. முதல் சில வாரம் அது துக்கத்துக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு மாதக் கூட்டத்தில் ஸ்விலென், "நிகோலாகிட்ட பேசினவங்க போகவே மாட்டேங்கறாங்க" என்று சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள். ருமியானா சிரித்தாள். அன்று சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றும் அவளுக்குக் காது சூடாகும்.

அந்த நிகோலாவிடம் வந்து மாட்டியவர்தான் காமென். வடக்கே விதின் ஊர்க்காரர். தன்யூப் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பக்கத்து வீட்டில் பத்து வருஷமாக நாற்பது பேர் கொண்ட ஒரு படைக்குத் தலைவர். புது விளையாட்டு எப்படி இருக்கிறதென்று எட்டிப் பார்க்க வந்தார். வந்தவரிடம் நிகோலா, "படகுக்காரரா? எனக்குத் தண்ணின்னாலே ஆகாது, பேர் மட்டும் கடலுக்குக் காவல் இருக்கற புனிதரோட பேர்" என்றார். காமென் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளும் வந்தார்.

ஸ்விலென் மோப்பம் பிடித்துவிட்டார். "அந்த ஆளை இழுத்துட்டா நாப்பது பேரும் பின்னாடியே வருவாங்க."

ருமியானா இழுத்தாள். "அங்க உங்களுக்கு யார் இருக்கா? இங்க நான் இருக்கேன்ல" என்று அப்பாவின் வாயால் எழுதினாள். காமென் பத்து வருஷம் கட்டிய கோட்டையை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். படையில் முக்கால்வாசியும் கூடவே வந்தது. மூடப்போன விளையாட்டு பிழைத்தது, ஆபீசில் கேக் வெட்டினார்கள்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ருமியானாவுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான்: அம்மாவுக்குத் தெரிந்துவிடக்கூடாது. அம்மா வெலிச்கா, கணவர் பெயரைக் காரணம் இல்லாமல் எடுக்காதவள். இறந்தவர்களுக்கு வாசலில் ஒட்டும் படம் போட்ட நோட்டீசை நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஒவ்வொரு வருஷம் என்று தவறாமல் அச்சடித்து, தன் கையாலேயே பச்சைக் கதவில் ஒட்டுவாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

டிசம்பரில் அந்தத் தப்பு நடந்தது. அந்த நாட்டில் பெயர்நாளுக்கு, அதாவது தன் பெயருள்ள புனிதரின் நாளுக்கு, யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. புனிதர் நிகோலா நாள் என்றால் நிகோலா என்று பெயருள்ளவர் வீட்டுக் கதவு திறந்திருக்கும், நினைப்பு இருக்கிறவர்கள் வருவார்கள். இது ருமியானாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வில்லாளிக்கும் பெயர்நாள் உண்டு என்பது தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை காமென், "உங்க நாள் வருதே, வீட்டுலதானே இருப்பீங்க?" என்று எழுதினார். "வேற எங்க போகப்போறேன்" என்று அவள் எழுதினாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டு அடையாளமெல்லாம் அவள் பேச்சுவாக்கில் எழுதி அவரிடம் முன்பே இருந்தது: ப்ளோவ்டிவ், ஆற்றுக்கு வடக்கே, கீழே செருப்புத் தைக்கிற கடை, பச்சைக் கதவு.

நிகோலா நாளன்று மதியம், ருமியானா ரொட்டி வாங்கக் கீழே இறங்கினாள். வாசலில் பெரிய உடம்பாக ஒருவர், கையில் செய்தித்தாளில் சுற்றிய கெண்டை மீனோடு நின்றிருந்தார். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கதவில் இருந்த நோட்டீசை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். நிகோலா, ட்ராலிபஸ் ஓட்டுநர், மறைந்து மூன்று ஆண்டுகள்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இவர்தான் காமென்.

"இது நிகோலா வீடுதானே?" என்றார் அவர்.

"ஆமா."

"இந்தப் படத்துல இருக்கறவர் அவரோட அண்ணனா?"

தப்பிக்க ஒரு வழியை அவரே நீட்டினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லி, அவர் ஊரில் இல்லை என்று இன்னொரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. நோட்டீசில் அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. இவர்தான்."

"செவ்வாய்க்கிழமை என்கூடப் பேசினாரேம்மா" என்றார் காமென், மெதுவாக.

மேலே ஜன்னலைத் திறந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "யாரது? இந்த நாள்ல வந்தவங்களை வாசல்ல நிக்க வைப்பாங்களா? மேல கூட்டிட்டு வா."

மேலே அடுப்பில் ஏற்கெனவே ஒரு கெண்டை, வெங்காயமும் வால்நட்டும் அடைத்து வெந்துகொண்டிருந்தது. இறந்தவர் பேரால் தெருவுக்குக் கொடுக்க அம்மா வருஷாவருஷம் செய்வது. காமென் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அம்மா ஊற்றிக் கொடுத்த ரகியா சாராயத்தில் இரண்டு சொட்டு இறந்தவருக்காகத் தரையில் சிந்திவிட்டுக் குடித்தார்.

"டிப்போவுல அவர்கூட இருந்தீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

காமென் அவள் முகத்தைப் பார்த்தார். யாரோ ஒரு போக்கிரி செத்தவர் பெயரைத் திருடியிருக்கிறான், அதை இந்த அம்மாவிடம் சொல்லி இவள் நாளைக் கெடுப்பானேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "இல்லீங்க. தூரத்துப் பழக்கம். நான் படகுக்காரன்" என்றார்.

"படகுக்காரரா? அவருக்குத் தண்ணின்னாலே ஆகாதே."

"தெரியுங்க." அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல மனுஷர். அந்த நல்ல மனசுதான் வினையாயிற்று. "பஸ் பாலத்துல ஏறினதுலேர்ந்து இறங்கற வரைக்கும் உங்க பேரையே சொல்லிக்கிட்டிருப்பாராம். வெலிச்கா, வெலிச்கான்னு. ஒரு நாளைக்கு இருபது தடவை."

அம்மாவின் கையில் இருந்த தட்டு மேசைக்கு வராமல் நின்றது.

"இதை எப்ப சொன்னார்?"

"அது... எப்பவோ..."

"ஆஸ்பத்திரியில, கடைசி வாரம்தான் அதைச் சொன்னார். முப்பத்தி நாலு வருஷம் சொல்லாம வெச்சிருந்து அன்னிக்குத்தான் சொன்னார். அங்க நானும் இவளும்தான் இருந்தோம்."

தட்டை வைத்துவிட்டு அம்மா மகளைப் பார்த்தாள். காமெனும் பார்த்தார். ருமியானா மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்விலென் சொன்னது, பக்கத்து வீடு, ஐந்து வேஷம், நாற்பது பேர், கேக். முதலாளி மேல் பழியைப் போட நடுவில் ஒருமுறை முயன்றாள். வாயிலிருந்து வரும்போதே அது அசிங்கமாக இருந்ததால் விட்டுவிட்டாள். சொல்லி முடிக்கும்போது மீன் தீய்கிற வாசனை வந்தது, யாரும் எழுந்து போகவில்லை.

காமென் கையிலிருந்த கிளாசை மேசையில் வைத்தார். பிறகு, "என் பொண்டாட்டியோட நினைவுநாளன்னிக்கு முழுக்க என்கூட உக்காந்து பேசினது?" என்றார்.

"நான்தான்."

"ஆபீஸ் நேரத்துலயா?"

"ஆமா."

அவர் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து, "மீன் இருக்கட்டும், நாளுக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போகக்கூடாது" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். "ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும்" என்று, இறந்தவருக்காகச் சொல்கிற வழக்கமான வார்த்தையையும் சொன்னார். படியில் அவர் இறங்கும் சத்தம் கடைசிப் படி வரை கேட்டது.

அம்மா அடுப்பை அணைத்தாள். அவர் கொண்டுவந்த கெண்டையைத் தொட்டியில் போட்டுச் செதிள் எடுக்கத் தொடங்கினாள். முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினாள்.

"முப்பத்தி நாலு வருஷம் ஓட்டினாரு. இனிமே உக்காந்து இருக்கட்டும்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நீ அவரைத் திரும்ப வேலைக்கு அனுப்பிட்டியே."

ருமியானாவுக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருந்தது. அழுதால் அம்மா ஆறுதல் சொல்லவேண்டி வருமே என்று அழுகையையும் அடக்கிக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் தெருக்காரர்கள் வந்து போனார்கள். இருவரும் பரிமாறினார்கள்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ருமியானா அம்மாவிடம் ஒன்று கேட்டாள்.  அவள் ஷூவின் நாடாவைக் கட்டி முடித்து, எழுந்து, கதவில் கை வைத்த பிறகுதான் அம்மா இழுப்பறையைத் திறந்து, மிச்சமிருந்த நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஸ்விலென் வருவதற்கு முன்பே வேலையை முடித்துவிட்டாள். ஒரேலியாவின் முதல் ஊருக்குள் நுழைகிற எல்லாரும் கடந்தாக வேண்டிய மரக்கதவில் அந்த நோட்டீசை ஸ்கேன் செய்து ஒட்டினாள். படம், பெயர், ட்ராலிபஸ் ஓட்டுநர், மறைந்து மூன்று ஆண்டுகள். அதற்குக் கீழே: இங்கே இவர் பெயரில் உங்களோடு பேசியது இவர் அல்ல, கம்பெனியில் சம்பளம் வாங்கும் இவர் மகள் ருமியானா. பிறகு வில்லாளியை அழித்தாள். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் இரண்டு முறை கேட்டது.

பத்து மணிக்குள் கதவின் முன் கூட்டம் சேர்ந்துவிட்டது. காசு கொடுத்தும் வராத கூட்டம். பலர் திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள், படையில் பாதிப் பேர் பக்கத்து வீட்டுக்கே திரும்புவதாகச் சொன்னார்கள். ஸ்விலென் தன் அறையிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அவள் போகவில்லை. ஒருவருக்காகக் காத்திருந்தாள்.

காமென் மதியத்துக்கு மேல் வந்தார். அவருடைய ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கதவின் முன் அசையாமல் நின்றது. படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவர் நின்றார்.

அப்புறம் ஒரு வரி எழுதினார். "படம் போட உங்கம்மாவைக் கேட்டியா?"

"கேட்டேன்" என்று ருமியானா தன் சொந்தப் பெயரில் எழுதினாள். அந்தப் பெயரில் அவருக்கு அவள் எழுதிய முதல் வார்த்தை அது.

 கொஞ்ச நேரத்தில், உள்ளே இருப்பவர்களின் பட்டியலிலிருந்து அவர் பெயர் போய்விட்டது.