லிட்டருக்குப் பதினாலு

என் அக்கா புருஷன் வேலப்பனைப் பற்றி யாராவது தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். காசிமேட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். எத்தனை பேருடன் சண்டை போடுவது? அதனால் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மாமா பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். வண்டி வேதமாணிக்கம் அண்ணாச்சியுடையது. அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மீன் மொத்த வியாபாரம் பண்ணுகிறவர். விடிகாலையில் அவர் ஏலம் எடுக்கிற மீனை மாமா ஏற்றிக்கொண்டு, திருவொற்றியூர், எண்ணூர் வழியாக மீஞ்சூர் சந்தையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அந்த மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடுவது நான். துறைமுகத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஐஸ் பேக்டரியில் எனக்கு வேலை.

வண்டியை மாமா சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். மீனை இறக்கிவிட்டுத் திரும்பியதும், துறைமுகச் சரிவில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, கடல் தண்ணீரை மோட்டார் போட்டு இழுத்துக் கழுவுவார். காசிமேட்டில் எல்லாரும் அப்படித்தான் கழுவுகிறார்கள். குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிறோம், வண்டிக்கு எவன் ஊற்றுவான்? மற்றவர்கள் பேருக்கு ஊற்றிவிட்டுப் போவார்கள். மாமா தேய் தேய் என்று தேய்ப்பார். நாற்றமில்லாத மீன் வண்டி என்று அவருக்கு அதில் பெருமை.

அந்த வண்டியின் மைலேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. டீசல் போடுவதையும் கிலோமீட்டரையும் பார்த்துக்கொள்கிறவன் அண்ணாச்சியின் தங்கை மகன் ஜெரின். அவன் போய்ச் சொல்லியிருக்கிறான். ஒருநாள் ஏலக்கூடத்தில், மீன்காரப் பெண்கள் எல்லாரும் கூடையோடு நிற்கும்போது, அண்ணாச்சி மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வேலப்பா, லிட்டருக்குப் பதினாலு குடுத்த வண்டி இப்ப பத்துதான் குடுக்கு. மிச்ச டீசல் எங்க போகுது?"

"ரோட்ட பாருங்க அண்ணாச்சி. கண்டெய்னர் லாரிங்கோ வரிசையா நின்னுகினு கீது. வண்டி நவுந்தாதான?"

"லாரி என்ன, நேத்தா வந்துச்சு? டியூப் போட்டு உறிஞ்சுத ஆளுகள நானும் பாத்திருக்கேன் வே. மாசக் கடைசிக்குள்ள பதினாலு வரணும். வரலைன்னா சாவிய ஜெரின்கிட்ட குடுத்துட்டுப் போயிரு."

தேவகிருபை என்கிற மீன்காரம்மா, "இன்னா வேலப்பா, டீசல குட்ச்சிட்டியா?" என்று கேட்க, கூடமே சிரித்தது. மாமாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

டிரைவர்களில் சிலர் டீசல் உறிஞ்சி விற்பது ஊரறிந்த சங்கதி. அதனால் ஒருத்தன்மேல் சொன்னால் உடனே நம்பிவிடுகிறார்கள். மாமா வேறு வண்டி கேட்டு இரண்டு இடத்துக்குப் போனார். "அந்த டீசல் கேஸு நீதானா?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

"வேல போனா கூட பரவால்ல மச்சான்," என்று என்னிடம் வந்து சொன்னார். "திருடன்னு பேரோட போச்சின்னா, அப்பால எவன் சாவி குடுப்பான்? ஸ்டியரிங்க வுட்டா எனக்கு இன்னா தெரியும்?"

அதன் பிறகு அவர் செய்ததெல்லாம் பைத்தியக்காரத்தனம். ஸ்டெப்னி டயரையும் ஜாக்கியையும் கழற்றி வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "வூடா இது, மெக்கானிக் ஷாப்பா?" என்று அக்கா செங்கொடி கத்தினாள். டயரில் கல் மாதிரி காற்று அடித்தார். காற்று தடுக்கும் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு வெந்து வேர்த்து ஓட்டினார். அக்கா மீன் விற்பது திருவொற்றியூரில். எப்போதும் கூடையோடு அந்த வண்டியில்தான் போவாள். அவளையும் இறக்கிவிட்டார்.

"நான் உனுக்கு பாரமா பூட்டனா?" என்று கேட்டுவிட்டு அவள் கூடையோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.

காலைச் சாப்பாட்டையும் நிறுத்தினார். தான் இரண்டு கிலோ இளைத்தால் வண்டிக்கு லேசாம். "லூசா மாமா நீ?" என்று கத்தினேன். ஐஸைக் குறைக்கச் சொன்னபோது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன். மீன் கெட்டால் அந்தப் பழியும் அவர் தலையில்தான் விடியும்.

இத்தனைக்கும் மேல், வண்டிக்கு அடியில் சேறு ஒட்டியிருந்தால் அதுவும் பாரம் என்று, குழாயைச் சக்கரத்துக்கு உள்ளே விட்டு முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் கடல் தண்ணீரை அடித்தார். மைலேஜ் ஒன்பதுக்கு இறங்கியது. அன்றைக்கு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆம்பளை என்றுகூடப் பார்க்காமல் அழுதார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு மேம்பால இறக்கத்தில் மாமா நியூட்ரலுக்குத் தள்ளினார். மற்ற வண்டிகளெல்லாம் அப்படியே அடிவரைக்கும் உருண்டு போய்விடும், ஒரு சொட்டு டீசல் மிச்சம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் வண்டி பாதி இறக்கத்தில் நின்றுவிட்டது. இறக்கத்தில்! யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி. இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தைத் தொட்டேன். கை சுட்டுவிட்டது.

அப்போதுதான் விளங்கியது. உப்புத் தண்ணீர் உள்ளே போய் பிரேக் துருப்பிடித்து இறுகிவிட்டது. ஹேண்ட்பிரேக்கை இறக்கினாலும் அது சக்கரத்தை விடவில்லை. மாதக்கணக்கில் பிரேக் பிடித்தபடியே மனுஷன் வண்டி ஓட்டியிருக்கிறார்.

"அய்யோ, நானே கய்வி கய்வி கெட்த்துட்டனே மச்சான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மீனை இறக்கிய கையோடு திருவொற்றியூர் லட்சுமணன் பட்டறையில் வண்டியை விட்டோம். பிரேக் ஷூ, கேபிள் எல்லாவற்றையும் கைக்காசு போட்டு மாற்றினார் மாமா. துரு தின்ற பழைய சாமான்களைக் காட்டி, "ஓனருகிட்ட காட்டணுமா?" என்று லட்சுமணன் கேட்டார்.

"வேணாம்ப்பா. வண்டிய நாசம் பண்ணது நாந்தான்னு அதுக்கு வேற பாட்டு வாங்கணும். தூக்கிப் போடு," என்றார் மாமா. அன்றைக்கே அது பழைய இரும்போடு போய்விட்டது.

மாசக் கடைசியில் ஜெரின் சாவியை வாங்கி அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுக் கணக்குப் பார்த்தான். லிட்டருக்குப் பதினாலு, சுளையாக. மாமா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு ஏலக்கூடத்துக்கு வந்தார். பழி தீர்ந்தது என்று நானும் ஐஸை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அண்ணாச்சி எல்லாருக்கும் கேட்கச் சிரித்தார். "பாத்தியா ஜெரினு? ஒரு அதட்டுப் போட்டதும் டீசல் தானா திரும்பி வந்துட்டு!"

கூடம் மறுபடி சிரித்தது. மாமா பதறிப்போய், "இல்ல அண்ணாச்சி, பிரேக்கு... உப்புத் தண்ணி... துரு புட்ச்சிகினு..." என்று தடுமாறினார்.

"அப்படியா? எங்க அந்தச் சாமான்? காட்டு பாப்போம்."

"போட்டாச்சி அண்ணாச்சி."

"போட்டாச்சோ!" என்றார் அண்ணாச்சி. கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். மாமாவின் தோளில் கையை வைத்து, நிஜமான அன்போடுதான் சொன்னார்: "சரி, விடு வே. தப்பு செய்யாத மனுசன் யாரு? கர்த்தர் மன்னிக்காரு, நானும் மன்னிச்சிட்டேன். இந்தா, சாவியப் பிடி."

"வாங்காத மாமா! மூஞ்சில எறிஞ்சிட்டு வா!" என்று நான் கத்தினேன்.

மாமா என்னைப் பார்த்தார். கூடையோடு நின்ற அக்காவைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, "இனிமே பண்ண மாட்டேன் அண்ணாச்சி," என்றார்.