கம்பியைப் பிடிக்காத கைகள்

சமையல் எப்படி என்று செம்பு அக்காவிடம் கேட்பதை அவர் கணவர் எப்போதோ விட்டுவிட்டார். கேட்டால், "சாப்பிட்ட உடனே சொன்னா அது மரியாதைக்குச் சொல்றது. வயிறு நாளைக்கு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்பார். மனுஷனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அக்காவின் பிழைப்பே அதுதான். பேருந்து நிறுவனம் நடத்தும் பயிற்சி வகுப்புகளால் நிஜமாகவே பலன் உண்டா என்று பார்த்துச் சொல்கிற வேலை.

வண்டியைக் குலுக்காமல் பிரேக் போடுவது எப்படி என்று ஓட்டுநர்களுக்கு அங்கே இரண்டு பேர் பாடம் எடுத்தார்கள். ஒருவர் வாயைத் திறந்தால் வகுப்பே வயிறு வலிக்கச் சிரிக்கும். இன்னொருவருக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் கொட்டாவி. சொன்னதையே சொல்வார். பிறகு காலி வண்டியில் ஏற்றி அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார். சரியாக வரும்வரை யாரையும் வீட்டுக்கு விடமாட்டார். வகுப்பு முடிந்ததும் ஓட்டுநர்கள் மதிப்பெண் போடுவார்கள். சிரிப்பு வாத்தியாருக்கு வாரி வழங்குவார்கள். கொட்டாவிக்குப் போனால் போகிறதென்று ஏதோ போடுவார்கள்.

இரண்டில் ஒரு வகுப்பை மூடிவிடலாம் என்று தலைமை அலுவலக மேலாளர் முடிவு செய்தபோது, எதை மூடுவது என்பதில் அக்காவைத் தவிர யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"வகுப்பு பிடிச்சிருந்துதான்னு கேட்டிருக்கீங்க சார். வண்டி நல்லா ஓடுதான்னு யாரும் கேக்கலையே."

"சரிம்மா, மாசக் கடைசிக்குள்ள கேட்டுச் சொல்லுங்க" என்றார் மேலாளர்.

அக்காவின் வழி எளிது. ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு பேருந்தில் ஏறி நிற்பார். இறங்கும்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார். பட்டப்பெயர் வந்ததும் அப்படித்தான். இந்த முறை எந்த வண்டியிலும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கொட்டாவியிடம் படித்தவர்கள், சிரிப்பு வாத்தியாரிடம் படித்தவர்கள், வகுப்புப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள், எல்லாரும் தங்கமாக ஓட்டினார்கள். அக்காவுக்கு ஒன்றுமே புரியவில்லை.

கடைசியில் ஒரு நடத்துநர்தான் மனசு கேட்காமல் சொன்னார். "அக்கா, நீங்க செம்போட ஸ்டாப்புல நின்னாலே டிப்போ பூரா போன் பறக்குது. நீங்க இறங்கின பிறகு வந்து பாருங்க. ஜனங்க கம்பியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கும்."

அக்காவுக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. ஆனால் மாதக் கடைசி நெருங்கிவிட்டது, கையில் ஒன்றுமில்லை. கொட்டாவி இதுவரை அவரிடம் வந்து ஒரு வார்த்தை சிபாரிசு கேட்டதில்லை. அதனாலேயே அந்த மனிதருக்காக மனசு அடித்துக்கொண்டது.

நடத்துநர் சொன்ன கம்பிதான் வழிகாட்டியது. மறுநாள் செம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, சாலையோரத் தேநீர்க் கடைக்குள் உட்கார்ந்து, வருகிற வண்டிகளின் ஜன்னல்களைப் பார்த்தார். காலை வண்டிகளில் தினமும் அதே ஓட்டுநர், அதே பயணிகள். அக்கா வருகிறார் என்று ஓட்டுநர் அன்றைக்கு மட்டும் பிரேக்கை மெதுவாக அழுத்தலாம். பயணிகளின் பழக்கத்தை ஒரே நாளில் மாற்ற முடியுமா? சிரிப்பு வாத்தியாரின் ஆட்கள் ஓட்டிய வண்டிகளில் நிறுத்தம் வருமுன்பே எல்லாக் கைகளும் மேலே போயின. கொட்டாவியின் ஆட்கள் ஓட்டிய வண்டிகளில் நின்றுகொண்டிருந்தவர்கள் தலை வாரினார்கள், புத்தகம் படித்தார்கள். ஒரு பெண் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு எழுந்து ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது.

மேலாளர் நம்பவில்லை. "பயணிங்க கையைப் பார்த்தா வகுப்புக்கு மார்க் போடறது?"

"ஏறிப் பாருங்க சார்."

மேலாளரின் கையெழுத்தைத் தவிர வேறெதையும் ஓட்டுநர்கள் பார்த்ததில்லை. அக்கா மட்டும் தன் மகளின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, தலையையும் மூடிக்கொண்டு, கொட்டாவியிடம் படித்தவர் ஓட்டிய வண்டியில் அவரைப் பின்வாசல் வழியாக ஏற்றினார். காரிலேயே போய்ப் பழகிய மேலாளர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றினார். சுற்றிலும் யாரும் எதையும் பிடிக்கவில்லை. சில நிறுத்தங்கள் போயின. அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. அவர் போனை எடுத்து மும்முரமாகப் பதில் தட்ட ஆரம்பித்தார்.

"சார், கை" என்றார் அக்கா மெதுவாக.

மேலாளர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். "சரி, கொட்டாவி இருக்கட்டும். சிரிப்பு வாத்தியாரை என்ன பண்றது?"

"கொட்டாவி வகுப்புல தூங்கறவங்களை எழுப்ப ஒரு ஆள் வேணும் சார்."

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். வண்டி அடுத்த நிறுத்தத்தில் நின்றது. அவர் கை அப்போதும் கம்பியைத் தேடவில்லை.