விற்காத இசைத்தட்டு

ஹட்டனில் ஓர் இசைத்தட்டுக் கடையில்தான் அந்த இளம் நடிகையைச் சந்தித்தேன். மெலிந்த முகம், காதோரம் நாடகப் பவுடர். கொழும்பில் அவள் பாடிப் பதிவான முதல் தட்டு அங்கே விற்பனைக்கு இருந்தது. அது விற்றால்தான் அடுத்த பாட்டு என்று கம்பெனி சொல்லியிருந்தது. பாட்டு ஓடும்போது, வாசலில் நின்று கேட்பவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“தேஞ்ச ஊசியப் போடாதீங்க நானா, தட்டு கீறிரும்,” என்றாள் கடைக்காரரிடம்.

“போட்டுக் காட்டாம யாரும்மா வாங்குவாங்க?” என்றார் அவர்.

வாசலில் நின்ற தேயிலைத் தோட்டத்துப் பெண்களில் ஒருத்தி சிரித்தாள். “நம்ம புள்ள பாட்டுன்னுதான் வாராவாரம் வர்றோம். வாங்கிட்டுப் போயி எதுல போட? லயத்து வீட்டுல பாட்டுப்பெட்டி ஏது தங்கச்சி?”



சில மாதங்களில் தட்டு தேய்ந்து இரைச்சல்தான் மிஞ்சியது. அடுத்த பாட்டு வரவில்லை, அவளும் வரவில்லை. அந்தப் பெண்கள் மட்டும் ஞாயிறு தவறாமல் வந்து, அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.