தேவிகுளத்துக் காற்று

என் மேசைமேல் இருக்கும் அலுமினியப் பெட்டியை இன்று காலையும் திறந்து துடைத்தேன். கேமராவை உள்ளே வைத்துத் தண்ணீருக்கடியில் படமெடுப்பதற்கான பெட்டி. கொக்கியை விடுவித்தால் ஒரு விரலுக்கே கதவு திறந்துவிடும். மலைமேல் இருக்கும் இந்தத் தேவிகுளத்தில் அது ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பெட்டி அத்தானுடையது, என் அக்காவின் கணவர், தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வருடம் ஒருமுறை லீவு போட்டு, கொச்சியில் கப்பலேறி ஒரு தீவுக்குப் போய்ச் சுறாக்களைப் படமெடுப்பார். வாலும் முதுகுமாக நிறைய வைத்திருந்தார். நேருக்கு நேராக ஒரு முகம் மட்டும் கிடைக்கவில்லை. "நம்ம மூஞ்சி அதுக்கே பிடிக்கல மாப்ள" என்பார். காது பழுதாகிவிட்டதால், இன்னும் ஒரே ஒரு முறை முழுகலாம், அதன்பின் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒருமுறைக்குத்தான் என்னையும் அழைத்துப்போனார்.

பெட்டியைத் தயார் செய்தவன் நான். கதவோர ரப்பர் வளையத்தில் ஒரு மணல்துகள் ஒட்டினாலும் தண்ணீர் புகுந்துவிடும் என்பதால் வீட்டிலேயே மூடிவிட முடிவு செய்தேன். "அங்க போயி மூடிக்கிடலாம் மாப்ள" என்றார். நான் கேட்கவில்லை. வளையம், கிரீஸ், பேட்டரி, கார்டு என்று டைரியில் பதினொரு வரி எழுதி, எல்லாவற்றுக்கும் டிக் போட்டு, பையில் வைத்துக் கட்டினேன்.

என் பட்டியலை நம்பி, பையைப் படகில்தான் பிரித்தார் அத்தான். முன்கண்ணாடிக்குப் பின்னால் லென்ஸ் மூடி அப்படியே இருந்தது. லென்ஸைத் துடைத்ததும் மூடிவிடுவது என் பழக்கம். பழக்கமாகிவிட்டதால், மூடியைக் கழற்ற வேண்டும் என்று பட்டியலில் எழுதவில்லை. கொக்கியை விடுவித்து இருவருமாக இழுத்தோம். கதவு அசையவில்லை.

அத்தான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள இருக்கது நம்ம மலைக்காத்து, லேசானது. இங்க கடல்காத்து வெளிய இருந்து அமுக்குது."

"ஸ்க்ரூ டிரைவர் வெச்சு நெம்பிருவோமா அத்தான்?"

"விளிம்பு போயிரும். அப்புறம் தண்ணிக்குள்ள கேமராவும் போயிரும். பதினோரு டிக்கு போட்டியே மாப்ள, காத்தை விட்டுட்டியே!"

சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு வெறுங்கையோடு இறங்கினார்.

9.40க்கு இறங்கியவர் 10.25க்கு ஏணியைப் பிடித்தார். "வந்துச்சு. நேரா மூஞ்சிக்கு முன்னால. கைநீட்டுற தூரம் வந்துட்டு, அப்புறந்தான் திரும்புச்சு." டைரியில் அந்தப் பக்கத்தில் இரண்டு நேரங்கள் மட்டுமே இருக்கின்றன. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அதையும் எழுதிவைத்திருப்பேன்.

ஊர் திரும்பிய மாலை, கொக்கியை விடுவித்து ஒரு விரல் வைத்தார். சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. லென்ஸ் மூடியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "நேரா பாரு மாப்ள" என்று என் முகத்தைப் படமெடுத்தார். அந்தப் பயணத்தில் எடுத்த ஒரே படம் அது.

பிறகு பெட்டியை என்னிடமே கொடுத்துவிட்டார். பட்டியலில் இப்போது பதின்மூன்று வரிகள். இன்றும் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு, கேமரா இல்லாத பெட்டியை மூடிவைத்தேன்.